இருட்டுக் கன்னம்

அத்தியாயம் 6

பட்டாசுக்குப் பயம் வந்துவிட்டால் வாய் நிற்காது. அவளுக்கு அந்தப் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டதே அதனால்தான். காரின் பின்சீட்டில் உட்கார்ந்ததிலிருந்து ஓயாமல் வெடித்துக்கொண்டே வந்தாள்.

"சார், ஏசியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க. ஆளத் தேடிப் போறோமா, பிணவறைக்குப் போறோமான்னே தெரியல."

பக்கத்தில் அவள் முதலாளி சர்வேயர் உட்கார்ந்திருந்தார். அவர் நிலம் அளப்பவர் அல்ல. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக அடிபட்ட வண்டிகளைப் பார்த்து மதிப்புப் போட்டவர். கம்பெனியோடு மனக்கசப்பாகி வெளியே வந்து துப்பறியப் புறப்பட்டபோது தொழில் மாறியது. பெயர் மாறவில்லை, பழக்கமும் மாறவில்லை. இந்தக் காரில் ஏறுவதற்கு முன்னால்கூட அதன் முன்பக்க மட்கார்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார். "காருக்குக் காய்ச்சலா சார்?" என்று பட்டாசு அப்போதே கேட்டிருந்தாள்.

காரை ஓட்டியவன்தான் அவர்களைத் தேடி வந்தவன். தன் அக்காவுக்கு அவன் ஒரே தம்பி. காலையில் அலுவலகத்துக்கு வந்து அவன் அழுத அழுகையில், பட்டாசு தன் கைக்குட்டையையே எடுத்துக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. அக்கா வீட்டிலேயே போட்டோ எடுப்பவள். அக்காவின் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். சில வாரங்களாக அக்காவின் குரலே கேட்கவில்லை. தொண்டையில் புண், பேசவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்கிறார் கணவர். வீட்டு வாசலில் போய் நின்றால் கதவு திறப்பதில்லை. அதற்குப் பதிலாக வாரத்துக்கு ஒரு போட்டோ மட்டும் தம்பியின் போனுக்கு வருகிறது. அக்கா நலம் என்பதற்கு அதுதான் சாட்சி.

"இன்னைக்கே அவளப் பார்த்தாகணும் சார். நாளைக்குன்னு மட்டும் சொல்லிடாதீங்க," என்றான் தம்பி. கண் ரோட்டில் இருந்தது, காரில் இருந்த கடிகாரத்திலும் இருந்தது. "நான் ரொம்ப நாளா வெளியூர்ல இருந்தேன். அக்காவ நேர்ல பார்த்து மாசக்கணக்காச்சு. எல்லாம் இந்தப் போட்டோவுல பார்த்ததுதான். பாருங்க, வலது கன்னத்துல தையல் போடற அளவுக்கு அடிச்சிருக்கான், பாவி."

பட்டாசு தன் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கியிருந்த படங்களை மறுபடி பார்த்தாள். ஒரு படத்தில் பச்சை உடை, அடுத்ததில் நீலம், அதற்கடுத்ததில் சாம்பல். எல்லாவற்றிலும் அக்கா நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் ஜன்னல் வெளிச்சம். மறுபக்கம் முகம் பாதிக்குமேல் இருட்டு. "பாவம்," என்று சொல்லிவைத்தாள். அந்த முகம் தன்னையே பார்ப்பதுபோல இருந்தது. போனைக் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

தெருமுனையில் காரை நிறுத்தச் சொன்ன சர்வேயர், "நீங்க இங்கயே இருங்க. உங்க முகத்தப் பார்த்தா கதவு திறக்காது. உள்ள என்னன்னு பார்த்துட்டுக் கூப்பிடறேன்," என்றார். தம்பி கட்டட வாசலை விட்டுக் கண்ணெடுக்காமல் தலையாட்டினான்.

இரண்டு பேரும் படியேறினார்கள். முதல் திருப்பத்தில் சர்வேயர் நின்றார்.

"அந்தப் போட்டோவுல கண்ணப் பெரிசு பண்ணிப் பாரு."

"ஏற்கெனவே பயமா இருக்கு. கண்ணை வேற பெரிசு பண்ணணுமா?"

"கண்ணுக்குள்ள ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும்."

இருந்தது. கருவிழிக்குள் குட்டிச் சதுரமாக ஜன்னல். அதன் குறுக்கே சாய்வாக மெல்லிய கறுப்புக் கோடு.

"எதிர்க் கட்டடத்துல சாய்ச்சு வெச்ச ஏணி," என்றார் சர்வேயர். "அடுத்த படம்?"

அடுத்த படத்திலும் அதே கோடு, அதே சாய்வு. அதற்கடுத்த படத்திலும்.

"பெயிண்டர் சரியான சோம்பேறி போல."

"வாரக்கணக்கா ஏணிய நகர்த்தாம எந்தச் சோம்பேறியாலயும் சுவருக்குப் பெயிண்ட் அடிக்க முடியாது. வெளிய பாரு."

படிக்கட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். எதிர்க் கட்டடம் முழுக்க வெள்ளையடித்து, அதன்மேல் ஒரு மழைக்கறையும் விழுந்து காய்ந்திருந்தது. ஏணி இல்லை.

பட்டாசு திரும்பினாள். "எல்லாப் படத்தையும் ஒரே நாள்ல எடுத்திருக்காங்க. துணிய மட்டும் மாத்தி மாத்தி. அத வெச்சுக்கிட்டு வாராவாரம் ஒண்ணு அனுப்பறான். ஏன்னா புதுசா எடுக்க..." குரலைத் தாழ்த்தினாள். "புதுசா எடுக்க ஆள் உசிரோட இல்ல. அப்படித்தானே சார்?"

"இல்ல, ஆள் இங்க இல்ல," என்றார் சர்வேயர். இரண்டுக்கும் வித்தியாசம் இருப்பது அந்த நேரத்தில் அவள் மூளைக்கு எட்டவில்லை.

மணியை அழுத்தியதும் கதவு கொஞ்சமாகத் திறந்தது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்த ஒல்லியான மனிதர். பட்டாசு மனப்பாடம் செய்துவைத்திருந்ததைச் சொன்னாள்: "வேலைக்கு விண்ணப்பம் போடணும். ஒரு போட்டோ எடுக்கணும். இவர் எங்க பெரியப்பா."

சர்வேயருக்கு அவளைவிடப் பத்து வயதுகூட அதிகமிருக்காது. அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"அவளுக்கு உடம்பு சரியில்ல," என்றார் கண்ணாடிக் கடைக்காரர். படிக்கட்டை எட்டிப் பார்த்தார். சற்று யோசித்தார். "பரவால்ல, நானே எடுத்துத் தரேன். வாங்க."

உள்ளே விட்டுவிட்டுக் கதவைத் தாழிட்டார். தாழ் விழுந்த சத்தம் பட்டாசின் முதுகுத்தண்டில் இறங்கியது.

சின்ன அறை. ஒரே ஒரு ஜன்னல், அதற்கு மெல்லிய வெள்ளைத் திரை. ஜன்னலுக்குப் பக்கவாட்டில் ஒரு மர நாற்காலி. மூலையில், வெளிச்சத்தைத் தணிக்கப் பட்டர் பேப்பர் சுற்றிய மேஜை விளக்கு ஒன்று. வேறு கருவி எதுவும் கண்ணில் படவில்லை. சுவர் முழுக்க முகங்கள்: சிரிக்கும் குழந்தைகள், பல் போன கிழவர்கள், டை கட்டிய இளைஞர்கள்.

"பெரிய பெரிய லைட்டெல்லாம் இல்லையா?" என்றாள் பட்டாசு.

"ஜன்னல் ஒண்ணு போதும்னு சொல்லுவா."

சொல்லுவா. எப்போது சொல்லுவாள்? இப்போதா, இருந்தபோதா? பட்டாசு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். இடது தோளில் ஜன்னல் வெளிச்சம் விழுந்தது. போட்டோவில் அக்கா உட்கார்ந்திருந்த அதே நாற்காலி.

அவர் ட்யூப் லைட்டை அணைத்தார். "ரெண்டு வெளிச்சம் கலந்தா தோலோட நிறம் கெட்டுடும்."

"பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்று கேட்ட சர்வேயர், அவர் பதில் சொல்வதற்குள் உள்ளே போய்விட்டார். பட்டாசு தனியாக மாட்டிக்கொண்டாள்.

"தலைய அசைக்காதீங்க," என்று சொல்லிவிட்டு அவர் அவளுக்குப் பின்னால் போனார். துணி உரசும் சத்தம் கேட்டது. கடைக்கண்ணால் பார்த்தாள். இரண்டு கையிலும் இறுக்கிப் பிடித்த நீளமான கறுப்புத் துணி.

"எனக்குக் கழுத்து ரொம்பக் கட்டைங்க," என்றாள் பட்டாசு. வாய் தானாக ஓடியது. "கழுத்தே இல்லன்னு எங்க வீட்ல சொல்லுவாங்க. துணி சுத்தறதுக்கு இடமே இருக்காது. கூச்சல் போட்டா மட்டும் மூணு தெருவுக்குக் கேக்கும்."

அவர் துணியை அவள் தலைக்கு மேலே தூக்கி, பின்சுவரில் இருந்த ஆணிகளில் மாட்டினார். "பின்னாடி இருட்டா இருந்தா முகம் எடுப்பா தெரியும்," என்றார்.

பட்டாசு மூச்சு விட்டாள். அது பாதியிலேயே நின்றது. அவர் இப்போது ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை உதறிக்கொண்டிருந்தார். "இத இந்தப் பக்கம் பிடிச்சா, ஜன்னல் வெளிச்சம் இதுல பட்டு உங்க வலது கன்னத்துக்குத் திரும்பி வரும். அந்தப் பக்கம் இருட்டடிக்காது."

விரிப்பின் ஓரத்தில், எத்தனை துவைத்தும் போகாத பழுப்புக் கறை. தேநீர் அந்த நிறத்தில் காயாது. அது என்ன கறை என்று பெண்ணாகப் பிறந்தவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"சார்," என்று கூப்பிட்டாள். குரல் வெளியே வந்ததா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

சர்வேயர் வந்து நின்றார். கறையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பிறகு அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்:

"உங்க மனைவி போய்ச் சேர்ந்துட்டாங்களா?"

விரிப்பு அவர் கையிலிருந்து நழுவியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "இன்னும் இல்ல சார்."

பட்டாசு நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். "இன்னும் இல்லன்னா? பாதி உசிரோட எங்கயோ போட்டு வெச்சிருக்கீங்களா?"

"பட்டாசு, நான் பத்திரமான இடம் போய்ச் சேர்றதப் பத்திக் கேட்டேன்," என்றார் சர்வேயர். "இவர் யாரையும் கொல்லல. ஒளிச்சு வெச்சிருக்கார். சமையலறையில ரெண்டு டம்ளர்ல டீ இருக்கு. ரெண்டும் இன்னும் சூடு ஆறல."

"அப்போ இந்த ரத்தம்?"

"சுவத்துல இருக்கிற முகங்களப் பாரு. ஒண்ணுலயாவது ஒரு பக்கம் இருட்டா இருக்கா? வெள்ளைத் துணி பிடிக்காம அந்தம்மா யாரையும் எடுத்ததில்ல. தன்னோட படத்துக்கு மட்டும் பிடிக்கல. ஏன்?"

"காயத்த மறைக்க. அதத்தான சார் நானும் சொல்றேன். வலது கன்னத்துல..."

"வலது கன்னத்துல காயம்னு உனக்கு யார் சொன்னது?"

"தம்பிதான். போட்டோவப் பார்த்து..." பட்டாசு நிறுத்தினாள். அந்தப் படங்களை அவளும்தான் பார்த்தாள். வலது கன்னம் இருந்த இடத்தில் கறுப்பைத் தவிர ஒன்றுமில்லை. நேரில் பார்த்து மாதக்கணக்கானவனுக்கு அந்தக் கறுப்புக்குள் தையல் எப்படித் தெரிந்தது? கையால் கிழித்தவனுக்குத்தான் இடம் தெரியும்.

இவ்வளவு நேரம் அந்தக் காரில், அவன் முதுகுக்குப் பின்னால்தான் உட்கார்ந்து வந்திருக்கிறாள். கைக்குட்டை வேறு கொடுத்திருக்கிறாள்.

"கார் மட்கார்டுல பெயிண்ட் புதுசு," என்றார் சர்வேயர். "பள்ளத்த அடைச்சு, மெழுகி, மேல அடிச்சிருக்கு. யார இடிச்சான்?"

கண்ணாடிக் கடைக்காரர் சொன்னார். தையல் கடை வைத்திருந்த ஒரு பெண்மணி. கடையை மூடிவிட்டு ரோட்டைக் கடந்துகொண்டிருந்தாள். மச்சான் காரை நிறுத்தவில்லை. அவள் அங்கேயே செத்துப்போனாள். பக்கத்து சீட்டில் இருந்த அக்கா, நேராகப் போலீசுக்குப் போகலாம் என்றாள். அதற்குக் கிடைத்ததுதான் கன்னத்தில் தையல். விரிப்பில் இருந்ததும் அந்த ரத்தம்தான். இன்று மதியம் அவள் நீதிபதி முன்னால் சாட்சி சொல்ல வேண்டும். அதுவரைக்கும் வாயடைத்து வீட்டில் கிடக்கிறாள் என்று அவன் நம்ப வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் படங்கள்.

"ஸ்டேஷன்ல பாதிப் பேர் அவனுக்கு தோஸ்து. யார நம்பறது? இதே மாடியில எதிர் வீட்டுலதான் இருக்கா. கிளம்பற நேரத்துல பார்த்தா கீழ அவன் கார் நிக்குது, அதுலருந்து நீங்க இறங்கறீங்க. திருப்பி அனுப்பினா அவன் தேடி வந்துடுவான்னுதான் உள்ள விட்டேன். இந்தக் கட்டடத்துக்கு வேற படி கிடையாது சார்."

சர்வேயர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நானே அவனக் கூட்டிக்கிட்டு வந்து வாசல்ல நிறுத்திட்டேன். கார்லயே சந்தேகம் வந்தது. சந்தேகத்த வெச்சுக்கிட்டு அப்படியே திரும்பியிருக்கணும்."

எதிர் வீட்டுக் கதவைத் தட்டி அவளை அழைத்து வந்தார்கள். அக்கா சின்ன உருவம். வலது கன்னத்தில், கண்ணுக்குக் கீழிருந்து உதட்டோரம் வரை சிவந்த கோடு. தன் அறையில் நாற்காலி நகர்ந்திருந்ததைத்தான் அவள் முதலில் கவனித்தாள்.

"அவன மேல வரவழைக்கணும்," என்றார் சர்வேயர். "அவன் இந்த அறைக்குள்ள இருக்கிற நேரத்துல நீங்க இறங்கிடணும். ஆனா உள்ள வந்ததும் நீங்க இல்லன்னு தெரிஞ்சுட்டா, அடுத்த நிமிஷம் கீழ ஓடிடுவான்."

அக்கா ஜன்னலைப் பார்த்தாள். பிறகு பட்டாசை மேலும் கீழும் பார்த்தாள்.

"இந்த ஜன்னலப் பக்கவாட்டுல வெச்சா முகம் அழகா இருக்கும். முதுகுக்குப் பின்னாடி வெச்சா முகமே இருக்காது," என்றாள். "என் சால்வையப் போட்டுக்கங்க. கதவுக்கு வெளிய நடையில இருட்டு. அங்கருந்து வர்றவனுக்கு உருவம் மட்டும்தான் தெரியும்."

பட்டாசு சர்வேயரைப் பார்த்தாள். "நீ மாட்டேன்னா வேற வழி பார்க்கலாம்," என்றார் அவர். வேறு வழி இல்லை என்பது அவர் குரலிலேயே இருந்தது.

"என்னிக்காவது கதாநாயகி வேஷம் கிடைக்கும்னு நினைச்சேன். முகமே தெரியாத வேஷமா போச்சு," என்று சொல்லிவிட்டு சால்வையை வாங்கினாள்.

அக்கா திரையை முழுக்க விலக்கினாள். வெயில் பாய்ந்து வந்தது. நாற்காலியை ஜன்னலுக்கு முன்னால் போட்டு, பட்டாசை உட்காரவைத்து, தோள்களைப் பிடித்துக் கீழே அழுத்தினாள். "இவ்வளவு நிமிர்ந்து நான் உட்கார மாட்டேன். தலையக் கொஞ்சம் குனியுங்க. அவ்வளவுதான். எதக் கேட்டாலும் பேசாதீங்க. எனக்குத்தான் தொண்டை சரியில்லையே."

பேசாதே. பட்டாசுக்கு அதுவரை யாரும் சொல்லாத கொடூரமான தண்டனை அது.

சர்வேயர் போனில், "உங்க அக்கா இருக்காங்க. பேச முடியல. உங்கள வரச் சொல்லிச் சைகை காட்டறாங்க," என்று தம்பியிடம் சொன்னார். அக்காவும் கணவரும் எதிர் வீட்டுக்குள் மறைந்தார்கள். சர்வேயர் கறுப்புத் துணிக்குப் பின்னால் போய், சுவரோடு ஒட்டி நின்றார். கதவைச் சும்மா சாத்திவைத்திருந்தார்கள்.

படியில் காலடிச் சத்தம். அவசரமில்லாத, கனமான காலடி.

கதவு திறந்தது. தம்பி வாசலில் நின்று கண்ணைச் சுருக்கினான். வெளிச்சம் அவன் முகத்தில் அடித்தது. உள்ளே வந்து கதவைச் சாத்தினான்.

"அக்கா."

பட்டாசு தலையைக் குனிந்தே இருந்தாள். நாக்கு நுனியில் நூறு பேச்சு முட்டிக்கொண்டு நின்றது. பற்களைக் கடித்து அடைத்தாள்.

"மாமா எங்க? உன்னத் தனியா விட்டுட்டு ஓடிட்டாரா?" அவன் ஓரடி வைத்தான். "கோர்ட்டுக்குப் போகலல்ல நீ? எனக்குத் தெரியும், நீ போக மாட்ட."

அவள் மெதுவாக இல்லை என்று தலையசைத்தாள்.

"அந்தத் தையல்காரம்மாவ நான் வேணும்னா இடிச்சேன்? நிறுத்தியிருந்தா அவ எழுந்து வந்திருப்பாளா? உனக்குச் சொன்னாப் புரியல. அதனாலதான் கை ஓங்கினேன். கையில சாவி இருந்தது மறந்துபோச்சு." அவன் குரல் மென்மையாக இருந்தது. அதுதான் அவளை அதிகம் நடுங்கவைத்தது. காலையில் அலுவலகத்தில் அழுத அதே குரல்.

வெளியே நடையில் ஒரு கதவு முனகியது. கூடவே, இந்தக் கதவின் வெளித்தாழ் மெதுவாக விழும் சத்தம். பட்டாசுக்குக் கேட்டது. அவனுக்குக் கேட்டதா?

அவன் அவள் பக்கத்தில் வந்துவிட்டான். "தொண்டை எப்படி இருக்கு?" என்றபடி சால்வைக்கு மேலே, அவள் கழுத்தில் கை வைத்தான். விரல்கள் ஈரமாக இருந்தன. அழுத்தவில்லை. எடுக்கவும் இல்லை. "பேசாமலே இருந்துடு அக்கா. இப்படியே இருந்துடு."

அவள் உடம்பு தன்னையறியாமல் நிமிர்ந்தது.

விரல்கள் நின்றன. அவன் எட்டி மேஜை விளக்கின் பொத்தானை அழுத்தினான். மஞ்சள் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. அந்த நேரத்தில்தான் கீழே தெருவில் ஒரு டாக்சியின் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"யாரு நீ?"

"நல்லா யோசிச்சுப் பாருங்க, காலையில கைக்குட்டை கொடுத்தேன்," என்றாள் பட்டாசு. அணை உடைந்ததுபோல வார்த்தைகள் கொட்டின. "உங்க அக்கா இப்ப வண்டியில ஏறிட்டாங்க. கையெடுங்க, எனக்குக் கழுத்துல கூச்சம் அதிகம்."

அவன் கதவுக்குப் பாய்ந்து இழுத்தான். வெளித்தாழ் அசையவில்லை. திரும்பி வந்து விளக்கை ஒயரோடு பிடுங்கித் தலைக்குமேல் ஓங்கினான். பட்டாசு கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஒரு கன்னத்துக்கே பதில் சொல்ல முடியல," என்றார் சர்வேயர், கறுப்புத் துணியை விலக்கிக்கொண்டு வந்து. "இன்னொண்ணா? நீங்க பேசினதெல்லாம் நானும் கேட்டேன். போனும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கு."

விளக்கு இறங்கியது. தம்பி கொஞ்ச நேரம் கதவை உதைத்தான், யார் யாருக்கோ போன் போட்டான். யாரும் எடுக்கவில்லை. கடைசியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். மூவரும் அந்த அறையில் காத்திருந்தார்கள். பட்டாசு சால்வையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

சர்வேயரின் போன் அடித்தது. பேசிவிட்டு அவளிடம் நீட்டினார். "உன்கிட்டச் சொல்லணுமாம்."

மறுமுனையில் கண்ணாடிக் கடைக்காரர். "உள்ள கூப்பிட்டுட்டாங்கம்மா. சாட்சிக் கூண்டுல ஏறிட்டா. இங்கருந்து காவலர்கள் வந்துக்கிட்டிருக்காங்க. உள்ள போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லச் சொன்னா. வர்றவங்க தம்பிய அடிச்சுடாமப் பார்த்துக்கணுமாம். சின்ன வயசுலருந்தே அவனுக்கு அடின்னா பயமாம்."

பட்டாசு போனை வைத்தாள். தம்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "அக்காவா? என்ன சொன்னா?"

ஒரு கிண்டல் வாய்வரை வந்தது. அவள் அதை விழுங்கிவிட்டு, அக்கா சொன்னதை அப்படியே, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

அவன் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். படியில் பூட்ஸ் சத்தம் ஏறி வரத் தொடங்கியது. அவன் தோள்கள் ஒடுங்கின. பட்டாசு எழுந்துபோய், அவனுக்கும் கதவுக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.